எட்டாவது சைகை

ஊமம் என்ற சொல்லை என் சொற்கொப்பியின் கடைசித் தாளில் எழுதினேன். ஊமைக்கூத்து, மௌன நாடகம், சைகை நாடகம், பேசா நாடகம் என்று ஒத்த சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக இட்டேன். அபிநயம், பாவனை இரண்டிலும் சந்தேகம் இருந்ததால் சற்றுத் தள்ளிக் கேள்விக்குறியோடு வைத்தேன். எனக்கு அப்போது பத்து வயது. சண்டைக்குப் பயந்து, கிழக்கே இருந்த முல்லைத்தீவுக் கரையை விட்டு ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டோரத்தில் கொட்டில் போட்டு ஒரு வருடமாகியிருந்தது. கொப்பி முடியப்போகிறதே என்பதுதான் என் கவலை. கடைகளில் கொப்பி கிடைக்காத காலம் அது.

அந்த வருடம் மாதா கோயில் திருநாளுக்கு ஒலிபெருக்கி இல்லை. அதை இயக்க எண்ணெய் இல்லை. பின்னால் இருப்பவர்களுக்கு வசனம் கேட்காது என்பதால், எல்லா நாடகங்களும் ஊமமாகவே இருக்கட்டும் என்று சுவாமியார் சொல்லிவிட்டார். முதற்பரிசு ஒரு கட்டுக் கொப்பி. அதில் இரண்டு எனக்கு என்று மாமா வாக்குக் கொடுத்தார். மாமா அம்மாவின் தம்பி. எங்கள் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

உயிர்த்த யேசு கரையில் நின்று, தோணியிலிருக்கும் சீடர்களுக்கு வலப்பக்கம் வலை போடச் சொல்லும் கதையை மாமா தெரிந்தெடுத்தார். யேசுவாக நிற்க அப்பாவைக் கேட்டார். ஊரில் கரைவலை இழுக்கும்போது, மணலில் நின்று துவாயை வீசி, அண்ணாவும் மற்றவர்களும் போகும் தோணிக்கு வழிகாட்டியவர் அப்பா. இடம்பெயர்ந்த பின் அவர் நாளுக்கு நாலு சொல்லுக்கு மேல் பேசியதில்லை.

"வாய் திறக்கக் கூடாது, அத்தான். அது உங்களுக்குப் பழக்கம்தானே," என்றார் மாமா.

அப்பா சிரித்தார். "கையாலை கதைக்க நீ எனக்குப் பழக்கப் போறியோ?"

அப்பாவின் கரைச் சைகைகளில் ஏழு மட்டும் மாமா எடுத்துக்கொண்டார். நான் அவற்றுக்கு இலக்கமிட்டுப் பொருள் எழுதினேன். தலைக்கு மேல் துவாயைச் சுழற்றினால் மீன் தெரிகிறது. வலக்கை நீண்டால் அந்தப் பக்கம் வளை. இரு கைகளும் தாழ்ந்தால் மெதுவாக. ஒன்றும் விடுபடாமல் பார்ப்பது என் வேலை. சனத்துக்கு முதுகு காட்டக் கூடாது என்பது மாமா போட்ட சட்டம், அதையும் குறித்துக்கொண்டேன்.

திருநாளன்று பின்னேரம், பாலை மரங்களுக்கிடையால் வெயில் சாய்ந்து விழுந்து, கோயில் முற்றத்து மணல் தண்ணீரைப் போல மினுங்கியது. மாமாவும் இன்னும் நால்வரும் தோணி வடிவில் கிடந்த கயிற்றுக்குள் முழங்காலில் நின்று துடுப்பு வலித்தார்கள். அப்பாவின் கை எழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. துவாய் அசைந்த பக்கமெல்லாம் கடல் வந்ததுபோல எனக்குத் தோன்றியது. ஏழும் சரி. வலை நிறைந்துவிட்டது. கொப்பிகளின் புது வாசம்கூட எனக்கு வந்துவிட்டது.

அப்போது அப்பா திரும்பினார். சனத்துக்கு முதுகைக் காட்டி, காட்டைப் பார்த்து நின்றார். துவாயை இரு கைகளாலும் உயரப் பிடித்து நெஞ்சுக்கு இழுத்தார். மறுபடி உயர்த்தினார், இழுத்தார். அந்தச் சைகையை நான் ஒரேயொரு முறை பார்த்திருக்கிறேன். ஊரில் கடல் கொந்தளித்த ஒருநாள், மதியத்திலிருந்து இருட்டும்வரை அப்பா அதையே காட்டிக்கொண்டிருந்தார். வலையை விட்டுவிட்டுக் கரைக்கு வா என்பது அதன் பொருள். அடுத்த நாள்தான், அண்ணா மன்னாரில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டார் என்று எனக்குச் சொன்னார்கள்.

மாமா துடுப்பை நிறுத்தினார். பிறகு ஐவருமாகக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு, முழங்காலாலேயே நகர்ந்து அப்பாவின் காலடிக்கு வந்தார்கள். தோணி கரைக்கு வந்துவிட்டது. அப்பா நிறுத்தவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து தலைத்துண்டை அவிழ்த்தார். பிறகு எங்கள் ஊரார் எல்லாரும் எழுந்து நின்றார்கள். கைதட்டல் இல்லை. மாமா எழுந்து அப்பாவின் கைகளைப் பிடித்துத் தாழ்த்தும்வரை ஒருவரும் உட்காரவில்லை.

பரிசு வேறொரு குழுவுக்குப் போனது. நான் அழுதேன். அப்பா பட்டியலில் இல்லாததைச் செய்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார் என்று அம்மாவிடம் முறையிட்டேன்.

அம்மா என் தலையைத் தடவினா. பிறகு, "அவர் பிழையாச் செய்யேல்லை, பிள்ளை. உன்ரை அண்ணாவைக் கூப்பிட்டவர்," என்றா.

எனக்கு அது ஒத்துவரவில்லை. சொற்கொப்பியை எடுத்து, மிஞ்சியிருந்த வரிகளில் ஒழுங்காக எழுதினேன்: எட்டாவது சைகை பட்டியலில் இல்லை, பிழை. சனத்துக்கு முதுகு காட்டியது, பிழை. மன்னார் இருப்பது மேற்கே. அப்பா கிழக்கே பார்த்துக் கூப்பிட்டார். அதுவும் பிழை.