பக்கம் திருப்பாத வாசிப்பு

மாடிப்படி டீச்சர் என்று சொன்னால்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியும். மாடிப்படிக்கு அடியில், முன்பு உடைந்த பெஞ்சுகளை அடைத்து வைத்திருந்த அறையில் வகுப்பு எடுத்ததால் வந்த பெயர். அறையின் ஒரு பக்கத்தில் நிமிர்ந்து நிற்கலாம். மறுபக்கம் கூரை சரிந்து சரிந்து முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிடும். நெட்டைப் பிள்ளைகளை இந்தப் பக்கமும் குட்டைப் பிள்ளைகளை அந்தப் பக்கமுமாக உட்கார வைப்பார். மணி அடித்தால் பள்ளிக்கூடமே தலைக்கு மேல் ஓடும். அந்த நேரத்தில் யார் என்ன கத்தினாலும் காதில் விழாது. டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டு, மேலேயிருந்து மேசையில் கொட்டிய தூசியைத் துடைப்பார்.

அவரிடம் வந்தவர்கள் நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு வரை ஏறிவிட்டும் ஒரு வரி வாசிக்கத் தெரியாத பிள்ளைகள். அவர்களை மக்கு என்று சொல்கிறவர்களைக் கண்டால் டீச்சருக்கு ஆகாது. “மக்கா இருந்தா இத்தனை வருஷம் உங்க யார்கிட்டயும் மாட்டாம தப்பிச்சிருக்குமா?” என்று ஆசிரியர் அறையிலேயே கேட்டுவிடுவார். எல்லோருக்கும் திடீரென்று திருத்த வேண்டிய தாள்கள் நினைவுக்கு வந்துவிடும்.

இந்த வேலைக்கு அவர் ஆசைப்பட்டு வந்தவர் இல்லை. பிரசவ விடுப்பில் போன ஒருத்திக்குப் பதிலாக வந்தார். போனவள் திரும்பவில்லை, வந்தவர் போகவில்லை. அவருடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். “ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான், கீழ நிக்கிறத மேல ஏத்தி விடறது” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் வேலை பார்க்கிற கட்டடங்களில் நல்ல அட்டைப்பெட்டி கண்ணில் பட்டால் மறக்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அந்த அட்டைகளை வெட்டித்தான் டீச்சர் எழுத்துகள் செய்தார். நடுவில் நீளமாக ஓட்டை போட்டு ஜன்னல் அட்டைகளும் செய்தார். பக்கத்தின்மேல் அந்த அட்டையை வைத்தால் ஒரே ஒரு வரிதான் தெரியும். ஒரு பக்கம் முழுக்க எழுத்தைப் பார்த்து மிரள்கிற பிள்ளை ஒரு வரியைப் பார்த்து அவ்வளவாக மிரளாது.

தலையாட்டி அங்கே வந்தது அந்த வருஷத் தொடக்கத்தில். ஐந்தாம் வகுப்புப் பெண். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவாள். புரிந்ததா என்றால் ஆட்டுவாள், படித்தாயா என்றால் அதற்கும் ஆட்டுவாள், அதனால் கூடப் படித்த பிள்ளைகள் வைத்த பெயர். பக்கத்துப் பிள்ளை வாசிப்பதைக் காதால் வாங்கி, தன் முறை வரும்போது அப்படியே ஒப்பித்துவிடுவாள். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது என்பதைக் கண்டுபிடிக்க நாலு வகுப்பு ஆசிரியர்களுக்கு நாலு வருஷம் போதவில்லை. மாடிப்படி டீச்சர் ஒரே காலையில் கண்டுபிடித்தார். புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தார், அவள் அதைத் தலைகீழாகவே பிடித்துக்கொண்டு வாசித்தாள்.

மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகு அந்தப் பெண் எழுத்துக்கூட்ட ஆரம்பித்தாள். ஜன்னல் அட்டைக்குள் விரலை ஊன்றி, உதட்டைக் கடித்து, ஒரு சொல்லைச் சேர்த்து முடிப்பதற்குள் நெற்றி வியர்த்துவிடும். ஆனால் சேர்த்தது அவள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் ‘கதவு’ என்று முதன்முதலில் வாசித்த அன்று, வாசித்த சொல் எங்கே இருக்கிறது என்று தேடுகிற மாதிரி அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தார்.

அந்தச் சமயத்தில்தான் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. சின்னச் சின்னச் சிறப்பு வகுப்புகளையெல்லாம் மூடுவதைப் பற்றி யோசிக்கிறார்களாம். தலைமையாசிரியை டீச்சரைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, பயந்தவர்.

“டீச்சர், பாராட்டு விழா வருதில்ல? நம்ம ஸ்கூலுக்கு மேடையில மூணு நிமிஷம். இந்தத் தடவை ஓட்டப்பந்தயம், ஓவியம் எல்லாம் வேண்டாம். உங்ககிட்ட படிக்கற பிள்ளை ஒண்ணை ஏத்திப் படிக்க வைங்க. அதிகாரி நேர்ல பார்த்தா உங்க ரூமை மூட மனசு வராது.”

வட்டாரத்துப் பள்ளிகளெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை ஒரே கூரையின் கீழ் கூடித் தங்கள் தங்கள் பெருமையைக் கொட்டித் தீர்க்கிற விழா அது. மாணவர்களுக்குப் பதக்கம், பணியாளர்களுக்குக் கேடயம், பெற்றோர்களுக்குக் கைதட்டி முடிந்த பின் கைவலி. டீச்சர் அதைக் கண்டாலே ஒதுங்குகிறவர். ஆனால் இந்த முறை ஒதுங்கினால் அறை போய்விடும். அறை போனால் தலையாட்டி மறுபடியும் கடைசி பெஞ்சுக்குப் போவாள். அவளோடு மற்ற பிள்ளைகளும் போவார்கள். அங்கே அவர்கள் மறுபடியும் தப்பிக்கக் கற்றுக்கொள்வார்கள். சரி என்றார்.

வீட்டில் சொன்னபோது மெக்கானிக் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவில்லை. “நல்லா ஓடற லிஃப்ட்டைக் காட்டி, மெக்கானிக் வேணும்னு கேக்கப் போறியா?”

“உங்களுக்கு எல்லாமே லிஃப்ட்டுதான்” என்று எரிந்து விழுந்தார் டீச்சர். அன்று அவரோடு பேசவில்லை.

தலையாட்டியை ஏற்றுவது என்று முடிவாகி, நத்தையைப் பற்றிய ஒரு பாடம் தேர்வானது. ஒரு தாளின் இரண்டு பக்கத்துக்கும் வரும். ஒத்திகையில் தலையாட்டி விரலை ஊன்றி ஆரம்பித்தாள். “மா… மழை… மழைக்… குப்…” தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

“டீச்சர், இப்படிப் போனா அந்த நத்தையே நடந்து ஊர் போய்ச் சேர்ந்துடும். மூணு நிமிஷம்தான். கொஞ்சம் வேகம் வேணும்.”

வேகத்துக்காக டீச்சர் அந்தப் பாடத்தை ஒருமுறை வாசித்துக் காட்டினார். இன்னொரு முறை வாசித்துக் காட்டினார். மூன்றாவது முறை தலையாட்டி தாளைக் கையில் வாங்கி, தங்குதடையில்லாமல், ஏற்ற இறக்கத்தோடு, டீச்சர் மூச்சு வாங்கிய இடத்தில் தானும் மூச்சு வாங்கி முழுவதையும் சொல்லி முடித்தாள். தலைமையாசிரியைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டீச்சர் அந்தப் பெண்ணின் கண்களைப் பார்த்தார். அவை தாளில் ஓரிடத்தில் குத்திட்டு நின்றன. ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு இறங்கவேயில்லை.

அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். அவருக்கா தெரியாது? இத்தனை வருஷம் எந்தக் கண்கட்டு வித்தையை உடைப்பதற்காக அந்தச் சாய்வுக் கூரையில் தலையை இடித்துக்கொண்டாரோ, அதே வித்தையைத் தன் கையாலேயே அவளுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். விழா முடியட்டும், அறை நிலைக்கட்டும், அடுத்த வாரமே எழுத்துக்குத் திரும்பிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். பாவம், தேற்றிக்கொள்ளாமல் வேறு என்ன செய்வார்?

விழா நாளில் மண்டபம் நிரம்பி வழிந்தது. தலையாட்டியின் அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறவர். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, துவைத்து மடித்த சட்டையில் மூன்றாவது வரிசையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தால் யாராவது எழுப்பிவிடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. டீச்சர் அவருக்கு வணக்கம் சொல்ல, அவர் பதறி எழுந்து நின்றார்.

தலையாட்டி மேடை ஏறினாள். ஒலிவாங்கி அவள் உயரத்துக்கு இறக்கப்பட்டது. தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். குரல் நடுங்கவில்லை. மழைக்குப் பிறகு நத்தை வெளியே வருவதைச் சொன்னாள், அது தன் வீட்டை முதுகில் சுமப்பதைச் சொன்னாள். மண்டபத்தில் குழந்தைகள் கூட அழவில்லை. முதல் பக்கம் முடிகிற இடம் வந்தது. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். தலையாட்டி தாளைத் திருப்பவில்லை. திருப்பாமலேயே இரண்டாம் பக்கம் முழுவதையும் முதல் பக்கத்தைப் பார்த்தபடி சொல்லி முடித்தாள்.

ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அப்பா எழுந்து நின்று, தலைக்கு மேலே கையைத் தூக்கித் தட்டினார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

வட்டார அதிகாரி ஒலிவாங்கியை எடுத்தார். நல்ல மனிதர்தான், குழந்தையின் தலையில் கை வைத்துத்தான் பேசினார். “போன வருஷம் இந்தப் பொண்ணுக்கு ஒரு எழுத்து தெரியாதாம். இன்னைக்கு நாம எல்லாரும் காதால கேட்டோம். இதைவிட என்ன சாதனை வேணும்? இனிமே இவளைத் தனியா உட்கார வைக்கறது இவளுக்கே அவமானம். திங்கட்கிழமையிலிருந்து இவளும் இவ கூட இருக்கற எல்லாப் பிள்ளைங்களும் மத்தவங்களோட சரிசமமா ஒரே வகுப்புல உட்காருவாங்க. அந்த மாடிப்படி அறை தன் வேலையை முடிச்சிடுச்சு. இந்த வருஷத்துச் சிறந்த பணியாளர் கேடயம் இந்த டீச்சருக்குத்தான்!”

மறுபடியும் கைதட்டல். டீச்சர் எப்படி மேடை ஏறினார் என்று அவருக்கே தெரியாது. கனமான ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். ஒலிவாங்கியை வாய்க்கு நேரே நீட்டி, “ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா” என்றார் அதிகாரி.

இரண்டு வார்த்தை போதும்தான். இவளுக்கு இன்னும் படிக்கத் தெரியாது என்று சொன்னால் அறை ஒருவேளை பிழைக்கும். டீச்சர் வாயைத் திறந்தார். பக்கத்தில் தலையாட்டி அண்ணாந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறந்ததிலிருந்து யாரும் அவளுக்குக் கைதட்டியதில்லை. மூன்றாவது வரிசையில் அந்த மனிதர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். பின்னாலிருந்தவர்கள் உட்காரச் சொல்லியும் காதில் வாங்கவில்லை.

“நன்றி” என்றார் டீச்சர்.

புகைப்படம் எடுக்கிற கூட்டத்தில் அதிகாரியின் முழங்கையைத் தொட்டுக் கூப்பிட்டார். “சார், அந்தப் பொண்ணு இன்னும் முழுசா… மத்த பிள்ளைங்க இப்பதான் எழுத்தே…”

“ரொம்ப அடக்கம் உங்களுக்கு” என்று அதிகாரி சிரித்தார். அதற்குள் அடுத்த பள்ளிக்கூடம் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. தலைமையாசிரியை டீச்சரின் கையைப் பிடித்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. “விடுங்க டீச்சர். இப்ப போய்ச் சொன்னா அந்தப் பொண்ணு தெருவுல தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? நான்தான் ஏத்தச் சொன்னேன், என் புத்தியச் செருப்பால அடிக்கணும்.” இவரைத் திட்டி என்ன பிரயோஜனம், வாசித்துக் காட்டியது தான்தானே என்று நினைத்தார் டீச்சர்.

வெளியே வாசற்படியில் தலையாட்டி பதக்கத்தோடு நின்றிருந்தாள். அப்பா கொஞ்சம் தள்ளி நின்று, அம்மாவுக்கு ஃபோன் போட்டு உலகத்துக்கே கேட்கிற மாதிரி விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், திங்கக்கிழமை பெரிய கிளாஸ்ல என்னை எழுந்து படிக்கச் சொல்லுவாங்களா?”

“சொல்லுவாங்க.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, பிறகு கிட்ட வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “அதுக்கு முன்னாடி யாராவது எனக்குப் படிச்சுக் காட்டிடுவாங்கல்ல டீச்சர்? ரெண்டு தடவை காட்டினா போதும். நீங்க காட்டின மாதிரி.”

அவள் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அதற்குப் பெயர்தான் படிப்பு என்று அவள் நம்பிவிட்டாள் என்பது டீச்சருக்குப் புரிந்தது. ஊரே எழுந்து நின்று கைதட்டிய பிறகு அந்தக் குழந்தை வேறு எதை நம்பும்?

“காட்டுவாங்கம்மா” என்றார்.

“அப்ப சரி டீச்சர்” என்று சொல்லிவிட்டு அவள் அப்பாவிடம் ஓடினாள்.