நேப்பிள்ஸில் தொலைந்த ஷூ

எழுபதுகளில் நானும் என் மச்சான் சூசையும் ஒரே கப்பலில் வேலை பார்த்தோம். இத்தாலியில் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் கப்பல் பழுதாகி நின்றபோது, எங்களை ஒரு மலிவான ஹோட்டலில் தங்க வைத்தார்கள். ஹோட்டல் என்று பெயர்தான். எங்கள் தூத்துக்குடியில் அப்படி ஓர் அறையில் ஆட்டைக்கூடக் கட்டமாட்டார்கள்.

மறுநாள் ஊர் சுற்றக் கிளம்பி, பக்கத்துத் தெரு மாதா கோயிலுக்குப் போனோம். நம்மூர் வழக்கப்படி வாசலில் ஷூவைக் கழற்றினோம்.

"களவு போயிருமோல?" என்றேன்.

"ஏலே, போப்பாண்டவர் இருக்குத நாட்டுல, கோயில் வாசல்ல எவம்ல கை வைப்பான்?" என்றான் சூசை.

உள்ளே அத்தனை பேரும் ஷூவோடு நின்றார்கள். அதைப் பார்த்ததும் சூசையை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். வெளியே வந்தால் இரண்டு ஜோடியும் இல்லை. தெருவே பார்த்துச் சிரிக்க, வெறுங்காலோடு ஹோட்டலுக்கு நடந்தோம். வழியெல்லாம் சூசை அந்த ஊரைக் கெட்ட வார்த்தையில் அர்ச்சனை செய்தான்.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கூடியவர்களிடம் அவனே சொன்னான்: "இத்தாலியில மாதா கோயில்ல இருந்து வெறுங்கால்லயே நடந்தோம்லா. நேர்த்திக்கடன்!"

பெரியவர்கள் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நானும் கூடவே தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால் நானும்தானே ஏமாளி!

அன்று முதல் யாராவது வெளிநாட்டுப் பெருமை பேசினால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை. காலைத்தான் பார்க்கிறேன்.