ஏழரை மணி நாடகத்து ஆட்கள்

காரைக்கால்மேட்டில் கோவிந்தராசு என்று கூப்பிட்டால் குறைந்தது நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஊரே ஆளுக்கொரு அடைமொழி கொடுத்து வைத்திருக்கிறது. நம் ஆளுக்குக் கிடைத்தது ‘பொம்மை’. பைபர் படகில் ஓட்டை அடைப்பதிலும் விரிசல் பூசுவதிலும் அவரை மிஞ்ச இந்தக் கரையில் ஆள் கிடையாது. ஆனாலும் படகை வைத்து அவருக்குப் பெயர் வரவில்லை. ஐம்பத்திரண்டு வயது மனிதர் உட்கார்ந்து பொம்மைக்கு மீசை வரைந்தால் ஊர் வேறு எதைத்தான் கவனிக்கும்.

ஆரம்பம் சாதாரணமானதுதான். மகள் வினிதா சின்னப் பிள்ளையாக இருந்தபோது திருவிழாக் கடையில் வாங்கிய வீரன் பொம்மை ஒன்று கால் ஒடிந்துபோனது. படகுக்குக் கலக்கிய ரெசின் பசையில் மிச்சம் இருந்ததை ஊற்றி ஒரு கால் செய்து கொடுத்தார். அது பழைய காலைவிட நன்றாக அமைந்துவிட்டதால் மற்றக் காலையும் மாற்றச் சொல்லிப் பிள்ளை அழுதது. பிறகு கை, பிறகு தலை. கடைசியில் கடைக்காரனுடையது என்று மிஞ்சியது வயிறு மட்டும்தான். அதற்குமேல் அவரால் நிறுத்த முடியவில்லை. டி.வி.யில் வரும் மல்யுத்தக்காரர்கள், கவசம் போட்ட ராஜாக்கள், வேற்றுக்கிரகத்து ஆட்கள் என்று ஒரு சாண் உயரத்தில் செய்து அடுக்கினார். கை கால்களைக் குழலாக வார்த்து உள்ளே தூண்டில் நரம்பை ஓட்டி இறுக்கி முடிச்சுப் போடுவார். முழங்கால் மடங்கும், இடுப்பு திரும்பும், கை வாளைப் பிடிக்கும். தலையை மட்டும் கழற்றி மாற்ற வசதியாக ஒரு முளையில் செருகி வைப்பார். எதையும் விற்றதில்லை. கேட்டால், “இது சும்மா ஆசைக்கு” என்பார்.

அவர் மனைவி மலர்க்கொடி இருபது வருஷம் நெரவிப் பக்கம் தெருத் தெருவாக மீன் கூடை சுமந்தவள். பொம்மைகளை அவள் மதித்ததே இல்லை. “தூசி தட்ட ஒரு ஆளு போட்டுட்டுச் செய்யுங்க” என்பாள். மூன்று வருஷத்துக்கு முன் சர்க்கரை அவள் கண்ணைப் பிடித்தது. ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். இனி திரும்பாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தெரியும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் மலர்க்கொடி அழவில்லை. வீட்டுக்கு வந்தும் அழவில்லை. அவள் அழுதது சாயங்காலம் ஏழரை மணி நாடகத்தின்போது. அந்த நாடகங்களில் பேச்சு கொஞ்சம், முறைப்பு அதிகம். மேளம் அடிக்கும், வயலின் கதறும், யார் யாரை முறைக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை வராது. “இப்ப யாரு பாக்குறா? மாமியாக்காரியா?” என்று கேட்டாள். கோவிந்தராசுவுக்கு விவரம் சொல்ல வராது. “அது வந்து, பச்சப் பொடவ கட்டுனது... இல்ல, அது நாத்தனா” என்று அவர் இழுப்பதற்குள் காட்சி முடிந்துவிட்டது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அவள் அழுததை அவரால் தாங்க முடியவில்லை. மறுநாளே பழைய ராஜாக்களைப் பரணில் ஏற்றிவிட்டு நாடகத்து ஆட்களைச் செய்யத் தொடங்கினார்.

மொத்தம் எட்டுப் பேர். மாமியார் பங்கஜம், மருமகள் செங்கமலம், அவள் புருஷன், நாத்தனார், அப்புறம் சாப்பிட மட்டும் வந்து போகிற உறவுக்காரர்கள். விரலுக்குத் தெரிய வேண்டும் என்று தலைகளை எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெரிதாகச் செய்தார். ஒரு பலகையில் மாடிப்படி, சோபா, வாசல் எல்லாம் அமைத்தார். நாடகம் ஓடும்போது தரையில் உட்கார்ந்து ஆட்களை நகர்த்துவார். மலர்க்கொடி தடவிப் பார்ப்பாள். நாடகத்தின் வேகம் அவருக்குத் தோதாக இருந்தது. ஓங்கின கை கன்னத்துக்கு வந்து சேருவதற்குள் விளம்பரம் போட்டுவிடுவார்கள். அதற்குள் எட்டுப் பேரையும் திருப்பி நிறுத்திவிடலாம். செங்கமலத்துக்கு மட்டும் இரண்டு தலைகள், அழுவது ஒன்று, அழாதது ஒன்று. அழுகிற தலைதான் அதிகம் உழைத்தது. மூன்றே மாதத்தில் அதன் கழுத்துத் துளை லொடலொட என்று ஆகிவிட்டது.

பங்கஜத்தின் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தையும் அசல் அளவிலேயே வார்த்துக் கொடுத்தார். கனம் வர வேண்டுமென்று உள்ளே வலையில் கட்டும் ஈயக்குண்டு வைத்து, மேலே வெள்ளிப் பெயிண்ட் அடித்தார். நாடகத்தில் சாவி கைமாறிய அன்று மலர்க்கொடி அதை இடுப்பில் செருகிக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். அன்றைக்குக் கோவிந்தராசு பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

செங்கமலத்தின் முகம்தான் அவளுக்கு உயிர். பார்வை மங்கிக்கொண்டே வந்த மாதங்களில் டி.வி.க்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து அவள் கடைசியாகத் தெளிவாகப் பார்த்த முகம் அது. “மூக்க இன்னும் எடுப்பா வைங்க. மோவாய்ல லேசா ஒரு குழி” என்று பக்கத்தில் இருந்து அதட்டி வேலை வாங்கினாள். முடிந்ததும் தடவிப் பார்த்து, “இவதான்” என்றாள்.

இந்த ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, நாடகம் தொடங்குமுன் திரையில் ஓர் அட்டை வந்தது. செங்கமலமாக இனி இவர் நடிப்பார் என்று எழுதி, பக்கத்தில் வேறொரு பெண்ணின் படம். சத்தமே இல்லாமல் வந்து சத்தமே இல்லாமல் போய்விட்டது. குரல் கொடுப்பவர் பழைய ஆளேதான் போலிருக்கிறது. புதிய பெண் வாயைத் திறந்தாள், பழைய செங்கமலம் பேசினாள். மலர்க்கொடிக்குத் தெரிய வழியே இல்லை.

சொல்லத்தான் கோவிந்தராசு வாயெடுத்தார். மலர்க்கொடியின் விரல் அந்த மோவாய்க் குழியில் இருந்தது. அவள் பார்த்ததில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான், அதையும் பிடுங்க வேண்டுமா என்று நினைத்தார். வாயை மூடிக்கொண்டார். ஒரு நாள் மூடிய வாய் இரண்டு மாதம் திறக்கவில்லை.

அதைத் திறந்தது பக்கத்து வீட்டுப் பூங்கொடி. அவள் வீட்டு டி.வி. பழுதானதால் ஒரு நாள் நாடகம் பார்க்க வந்து உட்கார்ந்தாள். மலர்க்கொடியின் கையிலிருந்த பொம்மையைப் பார்த்துவிட்டு, “என்னாக்கா, அண்ணன் இன்னும் பழைய செங்கமலத்தயே வச்சிருக்காரு. இப்ப வர்றவ மூஞ்சி நீட்டுல்ல, மூக்கும் சப்ப” என்றாள்.

பூங்கொடி போன பிறகு மலர்க்கொடி டி.வி.யை நிறுத்தச் சொன்னாள்.

“எப்ப மாத்துனாங்க?”

“ரெண்டு மாசம் இருக்கும்.”

“நேத்து வாங்குன சங்கரா மீனு கண்ணு தெளிவா இருக்குன்னீங்க.”

“அது நெசந்தான் மலரு.”

“வீட்டு ஓட்டுல விரிசல் இல்லன்னீங்க. வினிதா வீடியோல வந்தப்ப, நல்லா சத போட்டுருக்கான்னீங்க.”

“அதெல்லாம் நெசம். இது ஒண்ணுதான். நீ வருத்தப்படுவியேன்னு...”

“வருத்தம் என்னாங்க வருத்தம். நாடகத்துல ஆளு மாறுறது புதுசா? நீங்க சொல்றததான் நான் பாக்குறேன். அதுல ஒண்ணு பொய்யின்னா மத்தத எப்புடிப் பிரிக்கிறது? எனக்கு இருக்குற கண்ணு நீங்கதான்.”

அவள் கோபப்பட்டிருந்தால் கோவிந்தராசு பிழைத்துக்கொண்டிருப்பார். அவள் கோபப்படவில்லை, சரிபார்க்கத் தொடங்கினாள். நீலப் புடவை என்று அவர் எடுத்துக் கொடுத்தால், கட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பூங்கொடியிடம் என்ன நிறம் என்று கேட்டாள். மீனின் செவுளைத் தானே விரல் விட்டுப் பார்த்தாள். மகளுக்குப் போன் போட்டு, “நெசமா நீ சத போட்டிருக்கியாடி?” என்றாள். எதையும் அவருக்குத் தெரியாமல் செய்யவில்லை. இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தன் வார்த்தை செல்லாக்காசாகப் போனதைக் கோவிந்தராசு தினமும் கண்ணால் பார்த்தார். படகுத்துறையில் வேலை ஓடவில்லை. ஒரு படகுக்கு, பசையை இறுக்கும் ஹார்டனரை இரண்டு மடங்கு ஊற்றி, டப்பாவிலேயே ரெசின் புகைந்து இறுகிவிட்டது.

புதிய செங்கமலத்தின் தலையை அந்த வாரமே செய்தார். நீட்டு முகம், சப்பை மூக்கு, உள்ளது உள்ளபடி. மலர்க்கொடி தடவிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

“சரியாத்தான் இருக்கும். ஆனா நான் எதோட ஒத்துப் பாக்க? நான் இவளப் பாத்ததில்லையே.”

பிறகு அவளே சொன்னாள். “என்னயச் செய்ங்க.”

“உன்னயா?”

“ஆமா. இப்ப இருக்குற மாதிரி. கை நெறய வர்ற அளவுக்குப் பெருசா. ஒத்துப் பாக்க என் மூஞ்சி என்கிட்டயே இருக்கு.”

“நீ அப்புடியேதான் இருக்க மலரு” என்று கோவிந்தராசு மூன்று வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறார். அவள் அப்படியே இல்லை. உண்மையாகச் செய்தால் அவள் மனம் உடையும். கூட்டிக் குறைத்துச் செய்தால் அவர் பேச்சை அவள் இனி எப்போதும் நம்பமாட்டாள். இரண்டில் எது வந்தாலும் இழப்பு தனக்குத்தான் என்று தோன்றியது.

முதலில் செய்தது கல்யாணப் போட்டோவில் இருக்கிற மலர்க்கொடியாக வந்து நின்றது. அவராக நினைத்துச் செய்யவில்லை, கை அப்படிப் போய்விட்டது. உருண்டைக் கன்னம், அடர்ந்த பின்னல். மேசைமேல் வைத்துப் பார்த்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் இந்த முகத்தோடுதான் தான் குடித்தனம் நடத்தியதா என்று கேட்டுக்கொண்டார். அதை ஒரு துணியில் சுற்றி ஓரமாக வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டை அடைக்கும் எம்-சீல் பசையை எடுத்துக்கொண்டு மலர்க்கொடியின் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பிசைந்துவிட்டால் அரை மணி நேரம்தான் கைக்கு வளையும், பிறகு கல். அந்த அரை மணி நேரம் அவர் அவளைப் பார்த்தார். கன்னம் உள்ளே ஒட்டியிருந்தது. இடப்பக்கம் இரண்டு பல் போனதில் உதடு அந்தப் பக்கம் மடங்கியிருந்தது. பழைய கனத்த தோட்டில் காதுத் துளை நீண்டு தொங்கியது. முன்நெற்றியில் முடி ஏறிவிட்டது. கண் போனவளுக்குத் துணையாக இருக்கிறோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்த மனிதர், அவளைப் பார்த்தே பல நாள் ஆகிவிட்டது என்பதை அப்போதுதான் உணர்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

கடைசியில் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வெகுநேரம் தயங்கினார். பிறகு அதையும் உள்ளபடியே வைத்தார்.

மறுநாள் பொம்மையை மலர்க்கொடியிடம் கொடுத்தார். அவள் அதை மடியில் நிறுத்தினாள். வலது கை பொம்மையின் முகத்தில், இடது கை தன் முகத்தில். இரண்டும் ஒன்றாக நகர்ந்தன. கன்னத்துப் பள்ளத்தில் நின்றன. மடங்கிய உதட்டுக்கு வந்தன. காதைத் தேடிப் போய் நீண்ட துளையைக் கிள்ளிப் பார்த்தன. கோவிந்தராசு எதிரில் நின்றார். உட்கார வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

“முடி இவ்ளோ கொட்டிப்போச்சா?”

“ஆமா.”

“எங்கம்மா மாதிரி ஆயிட்டேன்.”

“கொஞ்சம்.”

அவள் விரல் நெற்றிக்கு ஏறியது. பொம்மையின் நெற்றியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது, அவளுடைய அட்டையிலிருந்தே எடுத்தது. விரல் அங்கே நின்றது. மூக்கு நுனியிலிருந்து நேராக மேலே போய்ப் பார்த்தது. மறுபடியும் கீழே வந்து போனது. பொட்டு நடுவில் இல்லை, இடது புருவத்தின் பக்கம் நன்றாகத் தள்ளி இருந்தது. தன் நெற்றியிலும் அதேபோல் விரல் வைத்து அளந்தாள்.

“இப்புடியா தெனம் வச்சிக்கிறேன்?”

“ஆமா.”

“எத்தன நாளா?”

“கண்ணு போனதுலேர்ந்து.”

“கல்யாணத்துக்கு, காரியத்துக்கு எல்லாம் இப்புடியேவா போயிட்டு வந்தேன்?”

“ஆமா மலரு.”

அவள் பொம்மையின் கன்னத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிக் குனிந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அட பாவி மனுசா” என்றாள். “இத ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“எனக்கு அது அழகாத்தான் இருந்துச்சு.”

மலர்க்கொடி தன் நெற்றிப் பொட்டை உரித்தெடுத்து, விரல் நுனியில் ஒட்டி அவர் பக்கம் நீட்டினாள். “இந்தாங்க. நீங்களே வைங்க.”

படகில் மயிரிழை விரிசலைக்கூடப் பிசகாமல் பூசுகிற கை, பொட்டை வைக்குமுன் இரண்டு தடவை அளந்தது. மூக்குக்கு நேர் பார்த்து, புருவங்களுக்கு நடுவில் வைத்து, மெல்ல அழுத்தினார்.

“நடுவுலதானா?”

“நடுவுலதான்.”

அவள் கை மடியிலேயே இருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்க்க அது எழவில்லை.