மோந்த பூ

அறுபதுகளில், கலியாணமாகிக் கொக்குவிலிலிருந்து கோப்பாய்க்கு வந்த முதல் மாதம். வெள்ளிக்கிழமை மாமியோடு அம்மன் கோயிலுக்கு வெளிக்கிட்டபோது, அடுத்த வளவுக் கத்தோலிக்க அக்கா வேலிக்கு மேலால் ஒரு பிடி ரோசாப்பூ நீட்டினா. வழக்கமாகத் தன் வீட்டு மாதா சொரூபத்தின் காலடியில் வைக்கிற பூ.

"இந்தமுறை உங்கடை அம்மனுக்கு வை பிள்ளை."

எங்கள் வீட்டில் சுவாமிக்குச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும்தான். எனக்கு ரோசா என்றால் கலியாண வீடும், படங்களில் காதலர்கள் கொடுக்கிற பூவும். அதைத் தட்டில் ஏந்தி நிற்கப் பெருமையாக இருந்தது. பூசை தொடங்கவில்லை. சனம் நெருக்க, தட்டு முகத்துக்குக் கிட்ட வந்தது. கண்ணை மூடி வாசத்தை ஆழமாக இழுத்தேன்.

கண்ணைத் திறந்தால், ஐயர் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"பிள்ளை, மோந்த பூ சுவாமிக்கு ஆகாது. தேங்காயையும் பழத்தையும் மட்டும் தாரும்."

மெல்லத்தான் சொன்னார். ஆனாலும் முன்னால் நின்ற பெண்கள் திரும்பினார்கள். "புதுப் பொம்பிளை" என்று யாரோ சொன்னது கேட்டது. காது மடல்வரை எரிந்தது. தெரியாத விஷயமில்லை. பூப்பறிக்கும்போது முகத்தைத் தள்ளி வைக்கச் சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தவ. தீபாராதனைக்கும் நான் தலை நிமிரவில்லை.

திரும்பி வரும்போது மாமி எனக்கு முன்னால் நடந்தா. ஒழுங்கைக்குள் திரும்பியதும் நின்று, தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்து என் கொண்டையில் செருகினா.

"சும்மா வாடப்போகுது."

ஏசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கூசியிராது.

படலையடியில் அடுத்த வளவு அக்கா நின்றா.

"அம்மனுக்கு வைச்சாச்சோ?"

"ஓம்" என்றேன். தலையில் பூ. கையில் மிச்சப் பூ.

மாமி என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, நடந்ததை அப்படியே சொன்னா. அக்கா வாயைப் பொத்திக்கொண்டா.

"ஐயோ, செடியிலை பூவை வெட்டேக்குள்ளை நானும் மோந்து பாத்தனான்! மாதாவுக்கும் அப்பிடிப் பாத்துத்தான் வைக்கிறனான். மணமில்லாத பூவை எப்பிடிக் குடுக்கிறது?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூவை மோந்தது போக, ஒரு சின்னப் பொய்யும் சொல்லிப் பிடிபட்டு நின்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தலையிடி என்று படுத்துக்கொண்டேன். மாமி என்னை எழுப்பவில்லை. தனியாகப் போய் வந்து, என் நெற்றியில் திருநீறு பூசினா. நான் நித்திரைபோலக் கிடந்தேன்.