பாக்கெட்டைத் திருப்பச் சொன்ன நர்ஸ்

என் மச்சினி இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ். அவள் ஊசி போட்டால் வலிக்காது; வாயைத் திறந்தால்தான் வலிக்கும். அதே ஆஸ்பத்திரியில் நான் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன்.

அங்கே புதிதாக ஒருங்கிணைந்த மருத்துவப் பிரிவு என்று ஒன்றைத் திறந்தார்கள். இங்கிலீஷ் மருந்து, மூலிகை, யோகா எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. மச்சினிக்கு முதுகு போய்விட்டது, இனி ராத்திரி டியூட்டி ஆகாது. அந்தப் பிரிவில் தலைமை நர்ஸ் ஆனால் பகல் வேலை மட்டும்தான். ஆனால் அங்கே சேர டாக்டரானாலும் நர்ஸானாலும் பத்து நாள் பயிற்சியில் பாஸாக வேண்டும்.

பயிற்சி கொடுக்க வந்தவர் குரலைத் தூக்கியே பேசமாட்டார். பத்து நாளும் திரையில் கூழாங்கல், நீர்வீழ்ச்சி, சூரிய உதயம். சம்பளம் வாங்கிக்கொண்டு டாக்டர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி நாள் பரீட்சை. நோயாளியாக உட்கார வேண்டிய ஆள் வரவில்லை, என்னை உட்கார வைத்தார்கள். நடிக்க வேண்டிய அவசியமே இல்லை. மாத்திரை போட்டும் மூன்று மாதமாக எனக்கு பிரஷர் இறங்கவில்லை.

முதல் டாக்டர் கண்ணை மூடச் சொல்லி, "இப்ப உங்க மனசு எங்க இருக்கு?" என்றார்.

"கேன்டீன்ல."

குறித்துக்கொண்டார். அடுத்தவர் சின்ன வயதில் எதற்கெல்லாம் அழுதேன் என்று கேட்டார். மூன்றாமவர் என்னோடு சேர்ந்து மூச்சு விட்டு, அப்படியே தூங்கி விழுந்தார்.

பிறகு மச்சினி வந்தாள். "கண்ணை அப்புறம் மூடலாம் மாமா. பாக்கெட்டைத் திருப்பிக் காட்டுங்க."

மாத்திரை அட்டையோடு நாலு துண்டு அதிமதுரமும் விழுந்தது.

"இது எதுக்கு?"

"சிகரெட்டை விட்டதுலேர்ந்து மெல்றேன். வேர்தானே, என்ன பண்ணிடும்?"

"நாள் பூரா மென்னா பிரஷரை ஏத்தும். மாத்திரை இறக்க இறக்க நீங்க ஏத்திக்கிட்டே இருந்திருக்கீங்க. டாக்டர்கிட்ட சொல்லலையா?"

"யாரு கேட்டா?"

இதைக் கண்டுபிடிக்கத்தானே அந்தப் பிரிவு! பயிற்சியாளரோ தாளைத் தட்டினார். "சிஸ்டர், முதல்ல அஞ்சு நிமிஷம் மூச்சுப் பயிற்சி குடுக்கணும். நீங்க குடுக்கல. இருபது மார்க் போச்சு."

"மூச்சு நின்னு போய் வர்றவங்களுக்கும் அதானா சார்?"

அதற்கும் சேர்த்துக் கழித்தார். அவள் ஃபெயில். தூங்கினவர் பாஸ்.

அதிமதுரத்தை விட்டேன்; ஒரு மாதத்தில் பிரஷர் இறங்கியது. அது யாருடைய மார்க்கிலும் ஏறவில்லை.

முதுகைப் பிடித்துக்கொண்டு மறுபரீட்சைக்குப் போனாள். இந்த முறை நோயாளியாக வந்தது ஒரு வயதான அம்மா, மடியில் மூன்று மருந்துக் கடைப் பைகள். மச்சினி அவற்றைத் தொடவில்லை. கண்ணை மூடச் சொல்லி ஐந்து நிமிஷம் மூச்சு விட வைத்தாள். தொண்ணூற்றாறு மார்க், பகல் வேலை, கைதட்டல்.

"அந்தம்மாவை அப்படியே விட்டுட்டியா?" என்று கேட்டேன்.

"விடுவேனா? வராண்டாவுல மடக்கிட்டேன் மாமா. மூணு கடையில, மூணு கம்பெனி பேர்ல, ஒரே மாத்திரையை வாங்கித் தின்னுட்டிருந்துச்சு."