சப்பாத்துக்குக் காவல்

நவம்பர் பிறந்ததும் எங்கள் வீட்டு நாய் சுவரைத் தின்னத் தொடங்கியது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஹால் மூலையில் தரையை ஒட்டி ஓடும் மரப்பட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, அதன் பின்னால் இருந்த காரையை நக்கிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கே இருட்டிவிடும். இருட்டியதும் ஜன்னலைப் பார்த்துக் குரைக்கும். பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு முறை வந்து மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது முறை அவ்வளவு மரியாதை இல்லை.

எங்கள் வீடு என்று எழுதுவது பழக்கதோஷம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் அந்த வீடு அங்கிளுடையது, மாடியில் முன் அறை மட்டும் எனக்கு வாடகைக்கு. அங்கிளும் ஆன்ட்டியும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். நான் விருதுநகர்ப் பக்கம், இங்கே ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் வேலை, பெரும்பாலும் அறையிலிருந்தே. நாய் அவர்களுடைய மகன் ஆசைப்பட்டு வாங்கியது. அவன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டான், நாய் மிஞ்சியது. நீண்ட காது, பழுப்பு நிறம், எதையும் மோந்து பார்க்காமல் நகராத ஜாதி. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் அங்கிள்தான் அதை நடத்திக் கூட்டிப்போவார். அக்டோபர் கடைசியில் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. நாயின் நடை அன்றோடு நின்றது.

ஒரு சனிக்கிழமை நான் தேநீர் போடக் கீழே இறங்கியபோது ஆன்ட்டி போனில் தன் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தார். தம்பிக்கு லண்டனுக்கு வெளியே பெரிய தோட்டம் உள்ள வீடு.

"நீ தைப்பொங்கலுக்கு முதல் வந்து இதை ஏத்திக்கொண்டு போ. இனி என்னால ஏலாது. மனுசனைப் பாக்கிறதோ, நாயைப் பாக்கிறதோ?"

முந்தைய குளிர்காலத்தை நான் அந்த மாடி அறையிலேயே கழித்தவன். நாலு மணிக்கு ஜன்னல் கறுத்துவிடும். லேப்டாப்பை மூடினால் அதற்குப் பிறகு பேச ஒருவரும் இருக்க மாட்டார்கள். சில நாள் காலையிலிருந்து நான் வாய் திறந்து சொன்ன ஒரே வார்த்தை, கடையில் பை வேண்டாம் என்று சொன்னதாக இருக்கும். இந்த வருடக் கோடையில்தான் அங்கிளோடும் நாயோடும் நடக்க ஆரம்பித்திருந்தேன். மாலை ஐந்தரைக்கு என் கதவை நாய் வந்து பிறாண்டும். அந்தச் சத்தம் இல்லாத ஒரு ஜனவரியை நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"ஆன்ட்டி, பொங்கல் வரைக்கும் என்கிட்ட விட்டுப் பாருங்க. அது சுவத்தைக் கடிக்காம, கத்தாம நான் பாத்துக்கிறேன். முடியலைன்னா அனுப்பிடுங்க."

"உமக்கு நாய் வளர்த்துப் பழக்கம் இருக்கோ?"

"இல்ல ஆன்ட்டி. படிச்சுக்குவேன்."

சோபாவில் காலை நீட்டிக்கொண்டிருந்த அங்கிள் சிரித்தார். "நாய் நடத்திறதுக்கும் இவர் சோதினை எழுதிப் பாஸ் பண்ணப் போறாராம்."

அவர் கேலி செய்ததில் தவறில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். மூன்றாம் வகுப்பிலிருந்தே தெருவுக்கு வரும் கடிதம், மருந்துச் சீட்டு, பஸ் போர்டு எல்லாம் என்னிடம்தான் வரும். எழுத்துக் கூட்டிப் படித்தால் எந்தச் சிக்கலும் அவிழ்ந்துவிடும் என்ற நம்பிக்கை அப்போது ஒட்டிக்கொண்டது, இன்னும் போகவில்லை. அன்றைக்கே நூலகத்துக்குப் போய் நாய்களைப் பற்றி மூன்று புத்தகங்கள் எடுத்துவந்தேன். புதிதாக ஒரு நோட்டும் போட்டேன்.

படித்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். நாயை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு ஓடுகிறோம் என்பது பெரிதில்லை, அதன் மூக்குக்கு எவ்வளவு வேலை கொடுக்கிறோம் என்பதே பெரிது. அதனால் மதியச் சாப்பாட்டு இடைவேளையை நாய்க்கு எழுதிவைத்தேன். அந்த ஒரு மணி நேரம்தான் வெளிச்சம் கொஞ்சமாவது இருக்கும். பூங்காவில் கயிற்றை நீளமாக விட்டு, அது எந்தப் புதரில் நின்றாலும் இழுக்காமல் நானும் நிற்பேன். மாலையில் பூங்காவைப் பூட்டிவிடுவார்கள். எனவே கழுத்தில் மினுக்கும் பட்டையோடு ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் நடந்தோம். முருங்கைக்காய்ப் பெட்டி, நகைக்கடைப் படி, துணிக்கடைப் பொம்மையின் கால், மீன் கடையின் ஈர வாசல் என்று ஒவ்வொன்றையும் அது படித்துக்கொண்டே வரும். அரை மைல் போக முக்கால் மணி நேரம் ஆகும். திரும்பி வந்ததும் கம்பளத்தில் பொத்தென்று விழுந்து தூங்கிவிடும்.

ஒரு மழை நாளில் நடந்துகொண்டே அம்மாவிடம் வீடியோவில் பேசினேன்.

"அது என்னடா, நாய்க்குக் கோட்டா?"

"ஆமாம்மா, மழைக்கோட்டு."

"உனக்கு எங்கடா கோட்டு? தலை நனையுது பாரு. நாயைப் பெத்தவ மாதிரி பாக்குறியே, உன்னைப் பெத்தவ கேக்குறேன், குல்லா எங்க?"

வெளியே போகவே முடியாத நாட்களுக்கு வீட்டுக்குள் ஒரு விளையாட்டு வைத்தேன். நெத்திலிக் கருவாட்டை நன்றாக ஊறவைத்து, உப்புப் போக அலசி, திரும்பக் காயவைத்து, நகத்தளவு துண்டாக நறுக்கிக்கொள்வேன். பத்துத் துண்டை ஹாலிலும் வாசல் நடையிலும் ஒளித்துவைப்பேன். நாய் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டதும் வாய் வைக்கக் கூடாது, பக்கத்தில் நிமிர்ந்து உட்கார வேண்டும். நான் "எடு" என்று சொன்ன பிறகுதான் எடுக்கலாம். இதைப் பழக்க இரண்டு வாரம் ஆனது. கண்டுபிடித்ததை நோட்டில் ஒவ்வொன்றாக டிக் அடிப்பேன். காரை பிழைத்தது, குரைப்பும் குறைந்தது. ஆனால் ஆன்ட்டி தம்பியிடம் சொன்ன சொல்லை மட்டும் திரும்ப எடுக்கவில்லை.

அப்போதுதான் பிள்ளையார் கதை விரதம் வந்தது. இருபத்தொரு நாள் ஆன்ட்டி ஒரு வேளை சாப்பாட்டோடு, மாலையில் விளக்கேற்றிக் கதை படிப்பார். வீட்டில் மச்சம் கிடையாது. மீன், இறைச்சி எல்லாவற்றையும் அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். முதல் நாளே மீன் சட்டிகள் பின்பக்கக் கொட்டிலுக்குப் போயின. கோழிப் படம் போட்ட நாய் பிஸ்கட் மூட்டையும் போனது. நாய்க்குச் சாப்பாடு கொட்டிலில்தான் என்று உத்தரவு. விளையாட்டுக்கு இனி காரட். என் மிச்சக் கருவாட்டையும் நானே கொண்டுபோய் அங்கே வைத்தேன்.

"அப்ப நாயும் கதை கேக்க வருமோ?" என்றார் அங்கிள்.

"நீங்கள் முதல்ல வந்து இருங்கோ" என்றார் ஆன்ட்டி.

விரதம் தொடங்கிய நாளிலிருந்தே நாய் புதிதாக ஒன்று செய்தது. வாசல் நடையில், ரேடியேட்டர் ஓரமாக, அங்கிள் நடக்கப் போட்டுக்கொள்ளும் கறுப்பு ஷூ, அவர்கள் பேச்சில் சப்பாத்து, ஆபரேஷன் நாளிலிருந்து அப்படியே கிடந்தது. நாய் அதன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. கூப்பிட்டால் வரும், சாப்பிடும், நடக்கும், திரும்பிவந்து மறுபடியும் அங்கேயே உட்காரும்.

அங்கிளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். காலுக்குப் பயிற்சி சொல்லித்தர வந்த பெண் தினமும் தெருமுனை வரை நடக்கச் சொல்லியிருந்தார். குளிர், வழுக்கும், நாளைக்குப் பார்ப்போம் என்று அவர் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். நாய் சப்பாத்தின் முன் உட்கார்ந்ததைப் பார்த்ததும், சோபாவை நடை தெரியும் பக்கமாகத் திருப்பிப் போடச் சொல்லி, ஆன்ட்டியைக் கூப்பிட்டார்.

"இஞ்சரும், பாத்தீரே? என்ர சப்பாத்துக்குக் காவல் இருக்குது. நான் வெளிக்கிடுவன் எண்டு பாத்துக்கொண்டிருக்குது."

ஆன்ட்டி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அன்று மாலையே தம்பிக்குப் போன் போட்டார். "இப்ப வராதை. இந்த மனுசன்ர சப்பாத்தை விட்டு அசையுதில்லையடா. இதை நான் எப்பிடி அனுப்புறது?"

நானும் நம்பினேன். அறைக்குப் போய் நோட்டில், இன்றைக்கு நல்ல நாள் என்று எழுதினேன்.

ஆறாம் நாள் மதியம் இரண்டரைக்கு ஆன்ட்டி சமையலறைக்கும் நடைக்கும் நடுவில் நின்று மூக்கை உயர்த்தினார். "மச்ச மணம் வருது."

முதலில் கால்வாய் மீது சந்தேகம். பிறகு பக்கத்து வீட்டின் மீது. பிறகு என் மீது. "தம்பி, வெளியில ஏதும் சாப்பிட்டுப் போட்டு, கடதாசியைக் கொண்டந்து போட்டீரோ?"

இல்லை என்று சொல்லிக்கொண்டே நாயைப் பார்த்தேன். அது படுத்திருக்கவில்லை, சாய்ந்திருக்கவில்லை. முதுகை நிமிர்த்தி, முன்னங்கால்களைச் சேர்த்து, சப்பாத்தைப் பார்த்து ஒருமுறை, என்னைப் பார்த்து ஒருமுறை. அந்த உட்காருதலை அதற்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

மாடிக்கு ஓடி நோட்டைப் புரட்டினேன். விரதத்துக்கு முந்தின நாள் ஒளித்தது பத்து, டிக் ஒன்பது. ஒன்பதாவது கிடைத்த நேரத்தில் ஆபீஸ் அழைப்பு வந்து நான் மேலே போனது ஞாபகம் வந்தது. மிச்சத்தை அதுவே தின்றிருக்கும் என்று விட்டிருந்தேன். ஒரு காலத்தில் ஆன்ட்டியின் செருப்பைக் கடித்து வாங்கிய ஏச்சுக்குப் பிறகு அது காலணி எதிலும் வாய் வைப்பதில்லை. பாவம், "எடு" என்ற சொல்லுக்காக ஆறு நாளாகக் காத்திருக்கிறது.

இறங்கிவந்து சப்பாத்துக்குள் கையை விட்டேன். விரல்நுனிப் பக்கம் அகப்பட்டது, நகத்தளவு கருவாடு. ஒரு கை நீட்டினால் படிக்கட்டுக்குக் கீழே சாமி அலமாரி, உள்ளே பிள்ளையார்.

ஆன்ட்டி சமையலறையில். அங்கிள் கழிப்பறையில். சட்டைப் பையில் போட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நாய் நிச்சயமாக இந்த வீட்டில் இருந்திருக்கும். போட்டும்விட்டேன். மாடிப்படியில் நாலு படி ஏறினேன். நாய் என் பையைப் பார்த்தபடி நாலு படி ஏறி, என் முன்னால் அதேபோல நிமிர்ந்து உட்கார்ந்தது. அதற்கு மேல் எனக்கு ஏறத் தெரியவில்லை.

இருவரும் ஹாலுக்கு வந்த பிறகு உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். நோட்டையும் காட்டினேன். "என் தப்புதான் ஆன்ட்டி. விரதத்துக்கு முந்தின நாள் வச்சது. ஒண்ணை விட்டுட்டேன். நாய் மேல ஒரு தப்பும் இல்ல."

"ஆறு நாள்!" ஆன்ட்டி நெஞ்சில் கை வைத்தார். "ஆறு நாளாப் பிள்ளையாருக்குக் கருவாடு காட்டி வச்சிருக்கிறீர்! படிச்ச பிள்ளை செய்யிற வேலையோ இது?"

அங்கிள் ஆன்ட்டியைப் பார்க்கவில்லை, சப்பாத்தைப் பார்த்தார். "அப்ப எனக்காக இல்லையோ?"

எந்தப் புத்தகத்திலும் நான் அதைப் படித்திருக்கவில்லை. ஆன்ட்டிகூடத் திட்டுவதை நிறுத்திவிட்டார். நாய் மட்டும் என் உள்ளங்கைக்கு நேராக, எச்சில் ஒழுக ஒழுக, அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அங்கிள் நாய் பக்கம் திரும்பினார். "ஆறு நாளும் பக்கத்தில வச்சுக்கொண்டு தொடேல்லையோ?"

"தொடலை அங்கிள்."

"இஞ்சரும், நீர் விரதம் பிடிக்கிறீர். இது உம்மை விடக் கடும் விரதம் பிடிச்சிருக்குது." ஆன்ட்டியிடம் சொன்னவரின் தோள் சிரிப்பில் குலுங்கத் தொடங்கியது. "நானெண்டா முதல் நாளே சப்பாத்தோட திண்டிருப்பன்."

ஆன்ட்டி சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. சிரித்துக்கொண்டே மஞ்சள் தண்ணீர் கரைக்கப் போனார். "அதை வீட்டுக்குள்ள குடுக்காதையுங்கோ, சொல்லிப்போட்டன். இந்தக் கேற்றுக்குள்ளயும் வேண்டாம். தெருமுனையில கொண்டுபோய்க் குடுங்கோ. பாவம், அதுக்குரியது."

நான் கயிற்றை எடுத்தேன். அங்கிள் கையை நீட்டினார். "உந்தச் சப்பாத்தை இஞ்ச தாரும்."

"அங்கிள், நாத்தம் இருக்கும்."

"கால்தானே போகுது, மூக்கு போகேல்லையே."

தெருமுனைத் தபால்பெட்டி வரை சாதாரணமாக மூன்று நிமிடம். அன்று இருபது நிமிடம் ஆனது. ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கை என் தோளில். தரை ஈரம், வானம் சாம்பல், மணி மூன்றுதான் ஆகியிருந்தும் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. நாய் கயிற்றை ஒருமுறைகூட இழுக்கவில்லை. அங்கிள் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. என் கையில் இருந்த கருவாட்டுக்காகத்தானோ என்னவோ. அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தபால்பெட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிவிட்டு, துண்டை என்னிடமிருந்து வாங்கி நீட்டி, "எடு ராசா" என்றார்.

மறுநாளும் சப்பாத்தைக் கேட்டார். அதற்கு மறுநாளும்.

பொங்கலுக்கு ஆன்ட்டியின் தம்பி வந்தார். சாப்பிட்டார், நாயைத் தடவிக்கொடுத்தார், கூட்டிக்கொண்டு போகவா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அங்கிளும் நாயும் அப்போது பூங்காவில் பாதி தூரம் போயிருந்தார்கள். காரட் ஒளித்துவைக்கும் வேலையை ஆன்ட்டி என்னிடமிருந்து பறித்துக்கொண்டுவிட்டார். பத்தும் கிடைத்ததா என்று நாயிடம் ஒருமுறை, நோட்டில் ஒருமுறை சரிபார்த்த பிறகுதான் விளக்கேற்றுகிறார். என் கதவை ஐந்தரைக்கு நாய் பிறாண்டுகிறது. போகலாமா என்று கேட்கும் அங்கிளின் குரல் இப்போது கீழே நடையிலிருந்து, சப்பாத்தோடு.