ஆறு பெட்டிக்கும் சந்தனம்

சக்கரவர்த்திக்கு வேலை தாலுகா ஆபீசில். பேச்செல்லாம் ரயிலைப் பற்றி. ரயில்வே பரீட்சையில் மூன்று தடவை தோற்றவர், "அவனுங்களுக்கு ஆள எடை போடத் தெரியல" என்பார். அந்த வாயால்தான் மகள் திரௌபதிக்கு வந்த நான்கு வரன்கள் தெறித்து ஓடின. அவளுக்கு இருபத்தேழு முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் நான், நான்கையும் பார்த்தவன்.

எழுபத்தெட்டில், செங்கம் ரோட்டில் வாடகைக்கு இருந்த ஜெர்மன்காரர் ஊர் திரும்பும்போது தன் பொம்மை ரயிலை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். கரண்டில் ஓடும் எஞ்சின், ஆறு பெட்டி. நவராத்திரி கொலுவுக்கு முன்னால் தண்டவாளத்தை வட்டமாகப் போட்டார். வளைவு வந்தாலே பெட்டிகள் கழன்றன. ஒன்றின் கொக்கி தாழ்ந்திருந்தது, இன்னொன்றின் கொக்கி தூக்கியிருந்தது. ஆபீசுக்கு லீவு போட்டு, அட்டையை வெட்டி அளவு வைத்து, குறட்டால் மயிரிழை மயிரிழையாக வளைத்தார். சும்மா சொல்லக்கூடாது, எட்டாம் நாள் ஆறும் கழலாமல் சுற்றின. மனிதர் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

மறுநாள் ஆயுத பூஜை. அன்று சாயங்காலம் விழுப்புரத்திலிருந்து ஐந்தாவது வரன் வருவதாக இருந்தது. பையனின் அப்பா அருணகிரி, ரயிலில் கார்டாக இருந்து ரிட்டயரானவர். அதைக் கேட்டதிலிருந்து இவருக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் குளித்துவிட்டு, ஒவ்வொரு கொக்கிக்கும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார்.

"கொக்கிக்கு எதுக்குப்பா?" என்றாள் திரௌபதி.

"வேலை செய்யறது அதானே? அதுக்குத்தான் பூஜை" என்றார். என்ன ஒரு ஞானம்.

சாயங்காலத்துக்குள் சந்தனம் காய்ந்து கல்லாகி, கொக்கிகளை அடைத்துவிட்டது. அருணகிரி உட்கார்ந்ததும், "உங்க ரயில்வேல இந்த மாதிரி கப்ளிங் கொக்கி பாத்திருக்க மாட்டீங்க" என்று சக்கரவர்த்தி ஸ்விட்சைப் போட்டார். எஞ்சின் மட்டும் தனியாகக் கிளம்பி, ஒரு சுற்று வந்து, கடைசிப் பெட்டியின் முதுகில் முட்டி நின்றது. பையனின் அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். எனக்கு அந்த ஆளை நாலு அறை விடலாம் போலிருந்தது.

"வோல்டேஜ் கம்மி" என்றார் சக்கரவர்த்தி.

திரௌபதி காபித் தட்டைக் கீழே வைத்தாள். முந்தானையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, கொக்கிகளிலிருந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்தாள். ஆறு பெட்டிகளையும் வரிசையாக மாட்டினாள். ரயில் புறப்பட்டு வளைவைத் தாண்டியது.

"பாத்தீங்களா என் கைவேலைய?" என்றார் அப்பா.

அருணகிரி ரயிலைப் பார்க்கவில்லை. "பொண்ணு எங்களுக்கு சம்மதம்ங்க" என்றார். "கல்யாணத்துக்கு நீங்க வந்து உக்காந்தா போதும். எதையும் தொடாதீங்க."